வில்லை மட்டும் மாற்றினால் போதுமா?

வில்வண்டியில் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் உங்கள் தாத்தாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். சாதாரணக் கட்டை வண்டியில் பத்து மைல் போய் இறங்கினால் இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வில்வண்டியில் அப்படி இல்லை. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வில்போல வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். சக்கரம் கல்லில் ஏறும்போது பட்டை வளைந்து கொடுக்கும். கூண்டு அவ்வளவாக ஆடாது. அதனால்தான் அந்தக் காலத்தில் மணப்பெண்ணையும் மிராசுதாரரையும் வில்வண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்கள் கட்டை வண்டியில் போனார்கள்.

இன்று தெருவில் ஓடும் கார், பஸ், லாரி எல்லாமே வில்வண்டிகள்தாம். லாரியின் பின்சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தால் அதே எஃகுப் பட்டை அடுக்கைக் காணலாம். கார்களில் பெரும்பாலும் சுருள்வில் இருக்கும். ஆனால் காரில் வில் மட்டும் இல்லை. வில்லோடு ஷாக் அப்சார்பர், சாய்வைத் தடுக்கும் கம்பி, ரப்பர் புஷ், டயர் என்று ஒரு கூட்டுக் குடும்பமே இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் ஒருவரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? எல்லாரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டுமா, அல்லது கையில் காசு சேரச் சேர ஒவ்வொன்றாக மாற்றலாமா?

இது பட்டறைக்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பௌதிகப் பாடத்தில் வரும் தனிச்சீரிசை இயக்கமும், தடையுறு அலைவும், பம்பரமும் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. எனக்கு இந்தக் கேள்வி வந்தது என் சித்தப்பாவால்.

சித்தப்பாவிடம் பதினைந்து வயதான ஒரு சிறிய கார் இருந்தது. திருப்பங்களில் அது ஒரு பக்கமாகச் சாய்கிறது என்பது அவருடைய குறை. யாரோ, "வில் தளர்ந்துவிட்டது, விறைப்பான வில் போட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டார்கள். நான்கு வில்லும் நான்கு ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வாங்க அவரிடம் பணம் இல்லை. ஆகவே முதல் மாதம் முன்பக்கத்து இரண்டு வில்கள், அடுத்து பின்பக்கம், ஷாக் அப்சார்பர் தீபாவளி போனஸ் வந்த பிறகு என்று திட்டம் போட்டார். பழையதைவிட ஒன்றரை மடங்கு விறைப்பும், நான்கு சென்டிமீட்டர் உயரக் குறைவும் உள்ள இரண்டு சுருள்வில்கள் முன்பக்கம் ஏறின.

மறுநாள் மாலை நான் அவருடன் போனேன். ஊருக்கு வெளியே ஒரு சிறு பாலம். பாலமும் சாலையும் சேரும் இடத்தில் ஒரு மேடு. அதில் ஏறி இறங்கியதும் கார் ஏற்றப் பலகையில் உட்கார்ந்த குழந்தைபோல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. மூக்கு மேலே போகும்போது வால் கீழே. வால் மேலே வரும்போது மூக்கு கீழே. அந்தச் சமயம் பார்த்து ஒரு பையன் சைக்கிளைக் குறுக்கே திருப்பினான். சித்தப்பா பிரேக்கை முழுதும் மிதித்தார். சக்கரம் சாலையைப் பற்றியும் பற்றாமலும் தத்தித் தத்திப் போய், பையனுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பையன் எங்களைத் திட்டிவிட்டுப் போனான். திட்டியது நியாயம்தான். சித்தப்பா ஐந்து நிமிடம் காரை எடுக்கவே இல்லை.

வில் புதியது, விலை உயர்ந்தது, எந்தக் குறையும் இல்லாதது. பின் ஏன் கார் முன்பைவிட மோசமாயிற்று?

ஒரு ரப்பர் பட்டையும் மணல் பையும்

முதலில் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பத்து ரப்பர் பட்டைகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு சங்கிலி செய்யுங்கள். அதை ஓர் ஆணியில் மாட்டி, கீழ்முனையில் சிறிது மணல் நிரப்பிய துணிப்பையைக் கட்டுங்கள். சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு பையைச் சற்றே கீழே இழுத்து விடுங்கள். மேலும் கீழுமாக ஆடும். இருபது அலைவுகளுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பார்த்து, இருபதால் வகுத்தால் அலைவு நேரம் கிடைக்கும்.

இதை முன்கூட்டியே சொல்ல ஒரு சுருக்கு வழி உண்டு. எடை கட்டியதால் வில் எத்தனை மீட்டர் நீண்டதோ (அல்லது அமுங்கியதோ) அதன் வர்க்கமூலத்தைக் கண்டு இரண்டால் பெருக்குங்கள். அலைவு நேரம் ஏறத்தாழ அவ்வளவு வினாடி. வில் 25 செ.மீ., அதாவது 0.25 மீட்டர் அமுங்கினால், வர்க்கமூலம் 0.5, அலைவு நேரம் ஒரு வினாடி. புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்பதும் π-யின் வர்க்கம் 9.87 என்பதும் அருகருகே இருப்பதால்தான் இந்தச் சுருக்கு வழி பலிக்கிறது. (ஏன் என்று உங்கள் பாடநூலின் சூத்திரத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள்.) ரப்பர் நல்ல வில் அல்ல, அதனால் விடை சற்று முன்பின் இருக்கும். எஃகு வில்லில் நன்றாகவே பொருந்தும்.

இப்போது அதே அளவுள்ள இன்னொரு சங்கிலியை முதல் சங்கிலிக்குப் பக்கத்தில் மாட்டி, இரண்டிலும் சேர்த்துப் பையைக் கட்டுங்கள். விறைப்பு இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பை வேகமாக ஆடும். ஆனால் இரண்டு மடங்கு வேகமாக அல்ல. இரண்டின் வர்க்கமூலமான 1.4 மடங்குதான்.

சித்தப்பாவின் கார் போன்ற ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரம் ஒன்று தாங்கும் நிறை 260 கிலோகிராம். சக்கரத்தின் இடத்தில் கணக்கிட்ட வில்லின் விறைப்பு மீட்டருக்கு 16,000 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். காரின் பாரத்தால் வில் அமுங்குவது 16 செ.மீ. சுருக்கு வழிப்படி அலைவு நேரம் 0.8 வினாடி. அதாவது வினாடிக்கு ஒன்றேகால் அலைவு. பயணிகள் கார்களுக்கு வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை இருப்பதே வழக்கம். மனிதன் நடக்கும்போது உடல் மேலும் கீழும் அசைவது இதைவிடச் சற்று வேகம்தான். ஆகவே இந்த ஆட்டம் நம் உடலுக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை.

ஆட்டத்தை நிறுத்துவது யார்?

வில்லுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வாங்கிய ஆற்றலை அது விழுங்குவதில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். வில்லை மட்டும் வைத்து ஒரு கார் செய்தால், ஒரு மேட்டில் ஏறிய கார் அரை மைல் தூரம் ஆடிக்கொண்டே போகும். இந்த ஆற்றலை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஷாக் அப்சார்பர். பெயரைப் பார்த்து அது அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது என்று நினைப்பார்கள். அதிர்ச்சியை வாங்குவது வில். வில்லின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அது ஒரு குழாய், உள்ளே எண்ணெய், எண்ணெயில் நகரும் ஓர் உந்துதண்டு, தண்டின் முனையில் சிறு துளைகளும் வால்வுகளும். தண்டு மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிவிடும். நெடுந்தூரம் கரடுமுரடான சாலையில் ஓடி வந்த காரின் ஷாக் அப்சார்பர் சுடும்.

உங்கள் சோதனையில் இதையும் பார்க்கலாம். மணல் பையின் அடியில் ஒரு டப்பா மூடியைக் கட்டி, அந்த மூடி ஒரு வாளித் தண்ணீருக்குள் ஆடும்படி செய்யுங்கள். முன்பு முப்பது நாற்பது முறை ஆடிய பை இப்போது சில ஆட்டங்களிலேயே நின்றுவிடும்.

பழைய வில்வண்டியில் ஷாக் அப்சார்பர் ஏது என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து அந்த வேலையைச் செய்தன. ஒரே பொருள் வில்லாகவும் இருந்து அடக்கியாகவும் இருந்தது. சுருள்வில்லில் உராய்வு இல்லை. அது வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் துணை இல்லாமல் வாழாது.

எவ்வளவு அடக்க வேண்டும்? ஒருமுறைகூட மறுபக்கம் போகாமல் அலைவு அடங்கிவிடும் எல்லையை மாறுநிலைத் தடை என்பார்கள். அந்த அளவுக்குத் தடை வைத்தால் கார் மரக்கட்டைபோல இருக்கும். ஒவ்வொரு கல்லும் முதுகில் குத்தும். ஆகவே பயணிகள் கார்களில் அதில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரைதான் வைப்பார்கள். நாம் 0.3 என்று கொள்வோம்.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாறுநிலைத் தடை என்பது ஷாக் அப்சார்பரின் சொந்தக் குணம் அல்ல. அது வில்லின் விறைப்பையும் காரின் நிறையையும் பொறுத்தது. வில்லை மாற்றினால், தொடாமலே ஷாக் அப்சார்பரையும் மாற்றிவிட்டீர்கள் என்று பொருள்! விறைப்பு ஒன்றரை மடங்கானால் மாறுநிலைத் தடை அதன் வர்க்கமூலமான 1.22 மடங்கு உயரும். ஷாக் அப்சார்பர் அதேதான்; ஆனால் 0.3 என்றிருந்த விகிதம் 0.245 ஆகக் குறைந்துவிடும்.

இது புதிய ஷாக் அப்சார்பருக்கு. சித்தப்பாவின் காரில் இருந்ததோ பதினைந்து வருடப் பழசு. அதன் வலு பாதியாகிவிட்டது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். கார் 10 செ.மீ. கீழே அமுங்கி விடுபட்டால், ஒரு முழு அலைவுக்குப் பின் எவ்வளவு மிச்சம்?

கார் புதிதாக இருந்தபோது 1.4 செ.மீ. ஏறக்குறைய ஒரே ஆட்டத்தில் அடங்கிவிட்டது. ஷாக் அப்சார்பர் தேய்ந்த பிறகு 3.9 செ.மீ.; இரண்டாம் அலைவுக்குப் பின்தான் 1.5. அதன்மேல் விறைப்பான வில்லையும் போட்ட பிறகு 4.6 செ.மீ.; அடுத்து 2.1, மூன்றாம் அலைவில்தான் 1.0. அதாவது, ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த காரை இன்னும் கொஞ்சம் ஆட வைத்தது புதிய வில்.

மாறாக, அவர் வில்லை விட்டுவிட்டு, புதிய வில்லுக்கு ஏற்ற ஷாக் அப்சார்பரை முதலில் வாங்கியிருந்தால்? பழைய வில்லுக்கு அது சற்று அதிகம். விகிதம் 0.37 வரை போகும். சிறு கற்கள் கொஞ்சம் உறைக்கும். ஆனால் 10 செ.மீ. ஆட்டம் ஒரே அலைவில் 0.8 செ.மீ. ஆகிவிடும். சொகுசு குறையும், ஆபத்து இல்லை. கட்டங்கட்டமாகத்தான் செய்ய முடியும் என்றால், எந்தக் கட்டம் முதலில் என்பது இங்கே முடிவாகிவிடுகிறது.

பிரேக் விஷயமும் இதில்தான் அடங்கியிருக்கிறது. கார் மட்டுமா ஆடுகிறது? காருக்குக் கீழே சக்கரமும் தனியாக ஆடுகிறது. டயரும் ஒரு வில்தானே! அது காரின் வில்லைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு விறைப்பானது. சக்கரத்தின் நிறையும் குறைவு. ஆகவே சக்கரம் வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை தத்தும். இதை அடக்குவதும் அதே ஷாக் அப்சார்பர்தான். அது தேய்ந்தால் சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு எவ்வளவு நல்ல பிரேக் இருந்து என்ன பயன்? விறைப்பான வில் இங்கே உதவிக்கு வராது.

முன்னவன் முந்திக்கொண்டால்

ஏற்றப் பலகை ஆட்டத்துக்குக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர். கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 16.7 மீட்டர் போகிறது. ஒரு மேட்டின்மீது முன்சக்கரம் ஏறி 0.15 வினாடி கழித்துத்தான் பின்சக்கரம் ஏறும். முன்பக்கம் ஆட ஆரம்பித்த பிறகே பின்பக்கம் ஆட ஆரம்பிக்கிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் இந்தத் தாமதம் கடைசிவரை இருக்கும். மூக்கும் வாலும் முன்பின்னாக ஏறி இறங்கும்.

ஆனால் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடும்படி செய்தால்? முன்பக்கத்து அலைவு நேரம் 0.8 வினாடி, பின்பக்கத்தது 0.7 வினாடி. ஒன்றரை அலைவு முடிய முன்பக்கத்துக்கு 1.2 வினாடி. பின்பக்கத்துக்கு ஒன்றரை அலைவுக்கு 1.05 வினாடி, அதோடு தாமதம் 0.15 வினாடியைச் சேர்த்தால் அதுவும் 1.2 வினாடி! பின்னால் வந்தவன் முன்னவனைப் பிடித்துவிட்டான். மூக்கும் வாலும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். பயணிக்கு இது பெரிய தொல்லை அல்ல; தலை முன்னும் பின்னும் ஆடுவதுதான் வயிற்றைக் குமட்டும்.

சித்தப்பா செய்தது என்ன? முன்பக்கத்து வில்லை மட்டும் ஒன்றரை மடங்கு விறைப்பாக்கினார். அதன் அலைவு நேரம் 0.65 வினாடியாகக் குறைந்தது. இப்போது முன்னவனே வேகமானவன். பின்னவன் எட்டிப் பிடிப்பது எங்கே? தாமதம் ஒவ்வொரு ஆட்டத்திலும் வளர்கிறது. ஒன்றரை அலைவில் 0.22 வினாடி, இரண்டரை அலைவில் 0.27 வினாடி. அரை அலைவு என்பது சுமார் 0.33 வினாடி. தாமதம் அதை நெருங்க நெருங்க மூக்கும் வாலும் எதிரெதிராகப் போகும். பாலத்தில் நாங்கள் ஆடிய ஆட்டம் இதுவே. தேய்ந்த ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை நீட்டித்துக் கொடுத்தது.

இடம் மாறும் எடைகள்

இந்த ரகசியத்தைச் சோதனை செய்து காட்டியவர் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர். இங்கிலாந்துக்காரர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்த் தொழிற்சாலைக்கு வந்தார். அக்காலத்துக் கார்களில் முன்பக்க வில் மிக விறைப்பாகவும் பின்பக்க வில் மெத்தென்றும் இருக்கும். (சித்தப்பாவின் கார் இப்போது இருப்பதைப்போல!) ஆலி 1932-இல் ஒரு பெரிய காரை எடுத்து, அதன் முன்னும் பின்னும் எடைகளைத் தொங்கவிட்டார். எடைகளை இடம் மாற்றலாம். வில்லின் விறைப்பையும் மாற்றலாம். அதில் ஆட்களை ஏற்றி ஓட்டி, எது சுகம் என்று கேட்டார். முன்பக்க வில் பின்பக்கத்தைவிட மெத்தென்று இருந்தால்தான் கார் தட்டையாகப் போகிறது என்று தெரிந்தது.

அப்படியானால் முன்பக்க வில்லை மெத்தென்று மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்றுதானே தோன்றும்? முடியவில்லை. அக்காலக் கார்களில் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே கட்டை அச்சு இணைத்திருந்தது. வில் மெத்தென்று ஆனதும் அந்த அச்சு தாராளமாகச் சாய ஆரம்பித்தது. சுழலும் சக்கரம் ஒரு பம்பரம். பம்பரத்தைச் சாய்த்தால் அது சாய்த்த பக்கம் போகாமல் வேறு பக்கம் திரும்பும். (சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் கையில் பிடித்துச் சுழலவிட்டு, சாய்த்துப் பாருங்கள். ஆச்சரியப்படுவீர்கள்.) ஒரு சக்கரம் கல்லில் ஏற, அச்சு சாய, சக்கரங்கள் தாமாகவே திரும்ப, திரும்பியதால் அச்சு மறுபடி சாய என்று ஒன்றையொன்று தூண்டி, ஸ்டியரிங்கே கையில் நடுங்கும். முன்பு வில்லை விறைப்பாக வைத்திருந்தது அறியாமையால் மட்டும் அல்ல; இந்தப் பேயைக் கட்டிவைக்கவும்தான்.

ஆகவே வில்லோடு அச்சையும் மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் ஏற்பாடு வந்தது. 1934-ஆம் ஆண்டு மாடல்களில் காடிலாக், பியூக், ஓல்ட்ஸ்மொபைல் கார்கள் இரு கைகளால் சக்கரத்தைப் பிடிக்கும் முறையையும், செவர்லே, பாண்டியாக் கார்கள் பிரான்ஸ் நாட்டு டுபோனேயின் முறையையும் பெற்றன. ஃபோர்டு கார்களோ 1948 வரை பழைய அச்சையும் குறுக்குப் பட்டை வில்லையும் விடவில்லை. அச்சை மட்டும் மாற்றி விறைப்பான வில்லை வைத்திருந்தால் செலவுக்கேற்ற பலன் இல்லை. வில்லை மட்டும் மாற்றினால் நடுக்கம். இரண்டையும் மாற்றியபோதுதான் நாம் இன்று அறிந்த கார் பிறந்தது.

ஒன்றை மட்டும் மாற்று என்கிறாரே ஆசிரியர்?

இந்த இடத்தில் உங்களில் புத்திசாலி ஒருவர் கையை உயர்த்துவார். "ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும் என்றுதானே சொல்லித்தருகிறார்கள்? அப்படியானால் கட்டங்கட்டமாக மாற்றுவதுதானே விஞ்ஞான முறை?"

உண்மைதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால், எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாது. ஆனால் அந்த விதியில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைக் காட்டியவர் கார்க்காரர் அல்லர். வயல்வெளியில் வேலை செய்தவர். 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்த ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர். உரத்தை மட்டும் மாற்றிப் பார்த்து, பிறகு விதையை மட்டும் மாற்றிப் பார்த்தால், இந்த விதைக்கு இந்த உரம் என்னும் கூட்டு விளைவு கண்ணில் படாமலே போய்விடும் என்றார் அவர். இரண்டும் பழசு, ஒன்று மட்டும் புதுசு, மற்றது மட்டும் புதுசு, இரண்டும் புதுசு என்று நான்கு பாத்திகள் போட்டுப் பார்க்க வேண்டும். 1935-இல் சோதனைகளைத் திட்டமிடுவது பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது.

காரில் ஃபிஷரின் நான்கு பாத்திகளைச் சாய்வுத் தடைக் கம்பியில் பார்க்கலாம். பட்டறையில் இதை ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கும் வளைந்த எஃகுக் கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு தடுக்கும். அதனால் திருப்பத்தில் கார் சாய்வது குறையும். சித்தப்பாவுக்கு வேண்டியது உண்மையில் இதுதான்!

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. கம்பி எந்தப் பக்கத்தில் தடிமனோ, அந்தப் பக்கத்து வெளிச்சக்கரத்தின்மீது திருப்பத்தில் அதிக பாரம் விழும், உள்சக்கரத்தில் குறையும். டயரின் பிடிப்பு பாரத்தோடு அதே வீதத்தில் உயர்வதில்லை. விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: 300 கிலோ பாரத்தில் ஒரு டயரின் பிடிப்பு 270 என்றால் இரண்டுக்கும் சேர்த்து 540. பாரம் 400-ஆகவும் 200-ஆகவும் பிரிந்தால் பிடிப்பு 340-உம் 190-உம்; மொத்தம் 530. பத்து போய்விட்டது. முன்பக்கம் மட்டும் கம்பியைத் தடிமனாக்கினால் முன்பக்கப் பிடிப்பு குறைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே போகப் பார்க்கும். பின்பக்கம் மட்டும் தடிமனாக்கினால் மழைநாளில் வால் வழுக்கித் திரும்பும். பழகாதவர்களுக்கு இது இன்னும் கெடுதல். இரண்டையும் அளவறிந்து மாற்றினால் சமநிலை கெடாமல் சாய்வு குறையும். ஒவ்வொன்றாகச் சோதித்தவர் இரண்டுமே கெட்டவை என்று தள்ளிவிட்டிருப்பார்.

எதைத் தள்ளிப் போடலாம்?

பாலத்துச் சம்பவத்துக்கு மறுநாள் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் காரின் மூக்கை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். அது இரண்டு மூன்று முறை தலையாட்டியது.

"என்னங்க ஐயா, ஷாக் செத்துக் கெடக்கு, அதுமேல புது ஸ்பிரிங்கைப் போட்டிருக்கீங்களே?" என்றார்.

"இந்த மாசம் கையிலே இருந்தது அவ்வளவுதான்பா" என்றார் சித்தப்பா.

"அப்ப ஷாக்கை மாத்திட்டு ஸ்பிரிங்கை விட்டிருக்கலாம்ல?"

கணக்குப் போடாமலே அவர் சொன்ன விடை அது. நான் கணக்குப் போட்டது பிறகுதான்.

காசும் ஒரு காரணம். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் மெக்பெர்சன் தாங்கி இருக்கும். 1983-இல் வந்த மாருதி 800-இல்கூட இதுதான். இதில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே சுருள்வில் அமர்ந்திருக்கும். ஒன்றைக் கழற்ற மற்றதையும் கழற்றியாக வேண்டும். வில்லை ஒரு மாதமும் ஷாக் அப்சார்பரை இன்னொரு மாதமும் மாற்றினால், கழற்றி மாட்டும் கூலி இரண்டு தடவை. சக்கரங்களின் நேர்ப்பார்வை சரிசெய்யும் கூலியும் இரண்டு தடவை. தவணை முறை சில சமயம் ரொக்கத்தைவிட விலை கூடியது. (இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. 16 செ.மீ. அமுங்கிய ஒரு கார் வில்லில் இருக்கும் ஆற்றல், இருபது கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமம். வில் தெறித்தால் கை போய்விடும். பட்டறைகளில் இதற்கென இறுக்கி இருக்கிறது.)

நான்கு செ.மீ. குட்டையான வில் இன்னொரு வம்பையும் கொண்டுவந்திருந்தது. சக்கரம் மேலே வருவதற்கு இடம் எட்டு செ.மீ.தான் என்றால் பாதி போய்விட்டது. ஒரு நடுத்தரப் பள்ளத்திலேயே சக்கரம் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். அந்தக் கணத்தில் வில்லின் விறைப்பு பல மடங்காகும். டயரின் பிடிப்பு திடீரென மாறும். காரைத் தாழ்த்தும் வில்லை வாங்குகிறவர், அதற்கேற்ற நீளமுள்ள ஷாக் அப்சார்பரையும் முட்டையும் சேர்த்து வாங்காவிட்டால் வாங்காமலே இருப்பது நல்லது. இதில் தவணைக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

டயரும் ரப்பர் புஷ்ஷும் வேறு விஷயம். அவை தேய்ந்ததை எப்போது மாற்றினாலும் லாபம்தான். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எதை மாற்றினாலும் ஒரே அச்சில் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இடது பக்கம் புதிய ஷாக் அப்சார்பர், வலது பக்கம் பழசு என்றால் கார் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பக்கமாக இழுக்கும்.

சித்தப்பாவின் பழைய முன்பக்க வில்களைப் பட்டறைக்காரர் எறியாமல் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தார். அவற்றையே திரும்ப மாட்டினார்கள். புது வில்களைப் பாதி விலைக்கு யாரோ வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து, தொழிற்சாலை அளவிலேயே முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பர்கள் ஏறின. பின்பக்கத்து இரண்டு தீபாவளிக்கு ஏறின. திருப்பத்தில் கார் இன்னும் கொஞ்சம் சாயத்தான் செய்தது. சித்தப்பா திருப்பத்தில் வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அதற்குச் செலவு ஏதும் ஆகவில்லை.